பட்டா மாற்றம் என்பது ஒரு வேலை அல்ல

வணக்கம் சார்,

ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 43. ஆபீஸில் மாதக் கணக்கு முடிப்பதில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வீட்டு வேலை என்றால்தான் கை ஓடவில்லை. அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை. அதனால் அவருடைய பேங்க் கணக்கு அப்படியே கிடக்கிறது. ஊரில் இருக்கும் ஒன்றேகால் ஏக்கருக்குப் பட்டாவும் மாற்றவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கையிடம் ஆதார், கையெழுத்தெல்லாம் கேட்க வேண்டும். கடைவாய்ப் பல் ஒன்று நாலு மாதமாகக் கூசுகிறது. பாத்ரூம் குழாய் தீபாவளியிலிருந்து சொட்டுகிறது. ஒவ்வொரு ஞாயிறும் ‘இன்று முடித்துவிடுவது’ என்றுதான் எழுந்திருக்கிறேன், போனோடு பொழுது போய்விடுகிறது. இரண்டு ஆப் போட்டுப் பார்த்தேன், பட்டியல்தான் நீண்டது. நான் சோம்பேறியா? எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

மாதக் கணக்கை நாள் தவறாமல் முடிப்பவரைச் சோம்பேறி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆபீஸில் அடுத்து என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் உங்களுக்குத் தெரியும். வீட்டுப் பட்டியலில் இந்த மூன்றுமே இல்லை. ஒத்திப்போடுதலை நெடுங்காலம் ஆராய்ந்த ஃபூஷா சிரோய்ஸ், டிமதி பிச்சில் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையில் சொல்வது இதுதான்: தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் அல்ல. அந்த வேலையை நினைத்தாலே வரும் எரிச்சல், பயம், சங்கடம் ஆகியவற்றிலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கிறோம். ஆப் உங்களுக்கு உதவாமல் போனதும் இதனால்தான். அது நினைவூட்டும், சங்கடத்தை எடுத்துவிடாது.

சரி, சங்கடம் எங்கே இருக்கிறது? பல்லுக்கும் குழாய்க்கும் எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குச் சொன்னீர்கள். தங்கையிடம் கேட்க வேண்டியதை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். பட்டா பேச்சை எடுத்தால் பங்கு பேச்சு வந்துவிடுமோ என்ற தயக்கம்தான் ஒன்றரை வருடமாக எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது என்பது என் ஊகம். ஊகம் சரியென்றால் வழி எளிது. வாரிசுச் சான்றிதழை வைத்து முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ளலாம். பாகப் பிரிவினையோ, ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ தனி வேலை, பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். போனில் இவ்வளவு போதும்: “அப்பா பேர்ல இருக்கிறதை அம்மா, நீ, நான் மூணு பேர் பேருக்கும் மாத்தப் போறேன். பங்கு பத்தின பேச்சு இப்ப இல்லை. உன் ஆதார் நகலை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பு.” இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். எழுதாமல் பேசினால் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள்.

இன்னொன்று. ‘வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை, அதனால் பேங்க் கணக்கு கிடக்கிறது’ என்கிறீர்கள். அந்த ‘அதனால்’ பல வீடுகளில் பொய்யாக இருக்கும். அப்பா நாமினி போட்டிருந்தால் இறப்புச் சான்றிதழ், உரிமை கோரும் படிவம், நாமினியின் அடையாளச் சான்று ஆகியவற்றோடு பேங்க் பணத்தைத் தர வேண்டும், வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. ஆவணங்கள் முழுமையாகக் கைக்கு வந்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. (நாமினி பணத்தை வாங்குகிறவர்தான். பணத்தில் உரிமை எல்லா வாரிசுகளுக்கும் உண்டு, அதையும் தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.) நாமினி உண்டா இல்லையா என்பது பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். பீரோவைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம்.

‘பட்டா மாற்றணும்’ என்பது ஒரு வேலை அல்ல, பத்துப் பன்னிரண்டு வேலைகள் சேர்ந்த மூட்டை. மூட்டையைப் பார்த்தால் மனசு பின்வாங்கத்தான் செய்யும். பட்டியலில் ஒரு வரி எழுதினால் அதைப் படித்ததும் கை எதைத் தொட வேண்டும் என்று தெரிய வேண்டும். ‘வாரிசுச் சான்றிதழ்’ என்று எழுதுவதற்குப் பதில் ‘இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் மேஜையில் வைத்து அப்பா பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்’ என்று எழுதுங்கள். விண்ணப்பம் பல நேரம் திரும்பி வருவது இந்த இடத்தில்தான். அடுத்த வரி: ‘அரசின் நில ஆவணத் தளத்தில் சர்வே எண் போட்டு, பட்டா யார் பெயரில் என்று பார்.’ அது இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் தாத்தாவின் வாரிசுகளும் உள்ளே வருவார்கள், வேலையின் அளவே மாறிவிடும். இதை முதலில் பார்க்காமல் இ-சேவை மையத்துக்குப் போனால் ஒரு நாள் லீவு வீண். வாரிசுப் பட்டியலில் அம்மா, நீங்கள், தங்கை, அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடிருந்தால் அவரும் வர வேண்டும். கல்யாணமாகிப் போனவர் என்று தங்கையை விட முடியாது. விண்ணப்பித்த பிறகு கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் விசாரணை, கடைசியில் வட்டாட்சியர்.

இனி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்பது நேரமே அல்ல, அது ஒரு நாள் முழுக்க நீளும் சாக்கு. போதாததற்கு அன்று தாலுகா ஆபீஸும் பேங்கும் பூட்டு. ஞாயிறை வீட்டுக்குள் முடிகிற தாள் வேலைக்கு மட்டும் வையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் தொகுத்துச் சொன்ன முறை ஒன்று உண்டு: ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று நிகழ்வோடு வேலையை முடிச்சுப் போடுவது. ‘ஞாயிறு காலை காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் பீரோவின் மேல் தட்டைத் திறப்பேன்’ என்பது மாதிரி. முடிச்சுப் போடும் நிகழ்வு தவறாமல் நடப்பதாக இருக்க வேண்டும். ‘ஓய்வு கிடைத்ததும்’ என்று போட்டால் அவிழ்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும், நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. போனிலேயே டைமர் வைத்தால் டைமரை நிறுத்தப் போன கை வாட்ஸ்அப்பில் நிற்கும். எழுந்திருக்கும்போது அடுத்த அடி என்ன என்று ஃபைல் மேல் பென்சிலால் எழுதிவிட்டு எழுந்திருங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு ‘எங்கே விட்டோம்’ என்று தேடுவதிலேயே பாதி ஆசை போய்விடும்.

எவ்வளவு நாளாகும் என்ற உங்கள் கணக்கை நம்பாதீர்கள், கணக்குப் பிரிவில் இருந்தாலும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்க சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள், 55 நாளுக்கு மேல் ஆயிற்று. தாலுகா ஆபீஸுக்கு ஒரு நடை என்று நினைத்தால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் முடிந்தால் லாபம்.

ஒரு ஞாயிறு தவறிப்போகும். அன்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தன்னை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டத் திட்ட அந்த வேலையை நினைப்பதே கசப்பாகிறது, இன்னும் தூரப் போகிறோம்.

குளிப்பது, சாப்பிடுவது, தூங்குவதுகூட இரண்டு வாரத்துக்கு மேல் சரியாக நடக்கவில்லை என்றால், எதிலும் பிடிப்பில்லை என்றால், அப்பா போன துக்கம் இன்னும் உள்ளே கிடக்கலாம். அதற்கு இந்த உத்திகள் ஆகாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்றீர்கள். பல்லிலிருந்து. பட்டா இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும், பல் காத்திருக்காது. இன்று பல்லை அடைப்பதோடு முடிவது வேருக்கு இறங்கினால் வேர் சிகிச்சை, கேப் என்று செலவும் நடையும் பல மடங்கு. இதில் உங்கள் மன உறுதியை நம்ப வேண்டாம், நாளை காலை போன் செய்து மருத்துவரின் நேரத்தை வாங்கிவிடுங்கள். பிறர் கொடுத்த நேரத்தை ஆபீஸில் போலவே நீங்கள் மீற மாட்டீர்கள்.

குழாய்க்குப் பிளம்பரைத் தேட வேண்டியதில்லை. மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை அடைத்து, தலையைக் கழற்றினால் தேய்ந்த வாஷர் கையோடு வரும். அதையே கடைக்கு எடுத்துப் போங்கள், வாயால் அளவு சொன்னால் வேறு அளவில்தான் கிடைக்கும். கால் சுற்றில் திறக்கிற புதுமாதிரிக் குழாய் என்றால் வாஷர் இருக்காது, உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.