ஏழைகள் ஏன் எல்லாவற்றையும் சின்னப் பைக்கற்றாகவே வாங்குகிறார்கள்? மொத்தமாக வாங்கினால் மிச்சம் பிடிக்கலாமே?

கேள்வியைப் பார்த்தால் மாதச் சம்பளக்காரர் போலத் தெரிகிறது. அதில் குற்றமில்லை. ஆனால் நான் யாழ்ப்பாணம் குருநகரில் கடற்தொழில் செய்யும் வீட்டில் வளர்ந்தவன். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எங்கள் அம்மாவுக்கும் தெரியும். அந்த மொத்தக் காசு கையில் சேர்வதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் ஒழுங்கை முகப்புக் கடையில், கடன் கொப்பியில். கொப்பிக்கு வாங்குபவர் விலை பேச முடியாது. கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி மலிவு. ஆனால் கையில் காசு வரும் நாளிலும் அங்கே போக முடியாது. சங்கக்கடைப் பையோடு ஒழுங்கையால் வந்தால் கடைக்காரர் பார்ப்பார். அப்போது ஒன்றும் கேட்க மாட்டார். அடுத்த முறை போனால், "அக்கா, கொப்பி நிரம்பிப் போச்சு" என்பார். அதனால் கைக்காசு கொடுத்து வாங்கும் நாளிலும் அம்மா ஒழுங்கைக் கடையில்தான், கூடின விலைக்குத்தான் வாங்குவார்.

அவரைக் கொள்ளைக்காரர் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒழுங்கையில் பாதி வீட்டுக் கொப்பியில் அவருடைய முதலும் முடங்கித்தான் கிடந்தது.

விற்பதும் இப்படித்தான். வலைக்கும் இயந்திரத்துக்கும் அப்பா ஒரு முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருந்தார். அது தீரும்வரை பிடிக்கிற மீன் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே. சந்தையில் ஏலம் கூறினால் எவ்வளவு போகும் என்று அப்பாவுக்குத் தெரியாதா? வட்டி என்று மட்டும் முதலாளி ஒரு சதம் கேட்டதில்லை. ஏன் கேட்கப்போகிறார்!

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. படகும் அதில்தான், எங்கள் அடுப்பும் அதில்தான். காஸுக்கு மாறலாமே என்பீர்கள். சிலிண்டர், அடுப்பு, ரெகுலேட்டர் எல்லாம் முதலில் ஒன்றாக வாங்க வேண்டும். திரும்பவும் மொத்தக் காசு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். "உங்களுக்குச் சேமிக்கத் தெரியாது" என்று வெளிநாட்டிலிருந்து வந்த பெரியம்மா முறையான ஒருவர் அம்மாவுக்குப் புத்தி சொன்னார். மகளின் சாமத்திய வீட்டை ட்ரோன் கமரா பறக்கவிட்டு இங்கே நடத்தியவர். அதற்கு அன்பளிப்பு கொடுக்கத்தான் அம்மாவின் தோடு அடைவு கடைக்குப் போனது. எங்களை நிறுத்தி எடுத்த படத்தைக்கூட இன்னும் அனுப்பவில்லை.