உப்புக்காற்றில் துருப்பிடித்த பேனல்: போட்டுக்கொடுத்தவர் பொறுப்பா?

கேள்வி: கடலை ஒட்டிய இடத்தில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் ஓர் உதவியாளரும்தான். மீட்டருக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில் மெயின் பேனல் போட ஒரு எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரிடம் கொடுத்தேன். இடத்தை அவரே வந்து பார்த்தார். பெட்டி, சுவிட்ச், ஒயர் எல்லாம் அவர் வாங்கியதுதான். 15 மாதத்தில் பெட்டியின் அடித்தகடு பொத்துவிட்டது, எர்த் போல்ட்டும் அரித்துப் போய்விட்டது. கேட்டால், 'ஐபி65 பெட்டிதான் போட்டேன், உப்புக்காற்றுக்கு நான் என்ன செய்ய? துரு வாரண்டியில் வராது' என்கிறார். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். அதற்கு முன் ஒன்று. எர்த் அரித்துப்போன பேனலை ஓட விடாதீர்கள். சப்ளையை நிறுத்தி, வேறு ஒரு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அவர் கை வைப்பதற்கு முன் போட்டோ எடுத்து, கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் கான்ட்ராக்டர் ஐபி65 என்பதைக் கேடயமாகப் பிடிக்கிறார். அதில் 6 என்பது தூசி உள்ளே போகாது, 5 என்பது பீய்ச்சி அடிக்கும் தண்ணீர் கெடுதல் செய்யாது, அவ்வளவுதான். தகடு துருப்பிடிக்குமா என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. காற்று எவ்வளவு அரிக்கும் என்பதற்குத் தனி அளவுகோல் இருக்கிறது: ஐஎஸ்ஓ 9223, சி1-இல் தொடங்கி சி5, அதற்கும் மேலே சிஎக்ஸ். கடற்கரை அதில் மேல்படிகளில்தான் வரும். அங்கே சாதாரண பவுடர் கோட்டிங் தகடு தாங்காது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

வேலையின் தரத்தையும் பாருங்கள். ஒயர் நுழைய ஓட்டை போட்டபின் வெட்டிய விளிம்பில் பெயிண்ட் பூசினாரா? பெட்டிக்குள் வியர்க்கும் நீர் வடிய வழி விட்டாரா? செம்பு லக்கை (ஒயர் நுனியில் மாட்டும் வளையம்) நேரடியாக ஜிஐ போல்ட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட்டில், முறுக்கினாரா? செம்பும் துத்தநாகமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் போவது துத்தநாகம், அப்புறம் அதன் கீழே இருக்கும் இரும்பு. போல்ட் அரித்தது இதனால் என்று எலக்ட்ரீசியன் எழுதித் தந்தால், 'உப்புக்காற்றுதான் காரணம்' என்ற பேச்சு பாதி அடிபட்டுப் போகும்.

இனி சட்டம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16 உங்களுக்குக் கை கொடுக்கும். எதற்காக வாங்குகிறோம் என்பது விற்பவருக்குத் தெரிந்திருந்து, அவருடைய அனுபவத்தை நம்பி நாம் வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும். வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் நேரில் வந்து பார்த்தது இங்கே பெரிய சாட்சி. ஆகவே துருவை நிரூபிப்பதில் மெனக்கெடாதீர்கள், அது கண்ணுக்கே தெரிகிறது. அவர் வந்ததையும் தேர்வை அவரிடம் விட்டதையும் காட்டும் வாட்ஸ்அப் செய்தி, கொட்டேஷன், பில், இவைதான் வழக்கு.

உங்களுக்கு எதிராகப் போகக்கூடியவை இரண்டு. 'துரு வாரண்டியில் சேராது' என்ற வரி நீங்கள் ஒப்புக்கொண்ட கொட்டேஷனிலேயே இருந்தால் சிக்கல். வேலை முடிந்தபின் கொடுத்த வாரண்டி அட்டையில் மட்டும் இருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். இன்னொன்று, அவர் எஸ்எஸ்316 (உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பெட்டி போடலாம் என்று சொல்லி, விலை அதிகம் என்று நீங்கள் வேண்டாமென்றிருந்தால் வழக்கு மிகவும் பலவீனம். உண்மையை உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

'பட்டறை வியாபாரம், நீங்கள் நுகர்வோரே அல்ல' என்றும் எதிர்த்தரப்பு சொல்லும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7)-இன் விளக்கப்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது. லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம், தானே ஓட்டுவதற்காக லேத் வாங்குபவரையே உதாரணமாகச் சொன்னது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்தாலும் அவர் நுகர்வோர்தான் என்றது. உங்களுக்கே எழுதியது போல இருக்கிறது! ஆனால் அந்த விளக்கம் பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. அதனால் பில்லில் கூலி மட்டும் இல்லாமல் பெட்டியும் சாமான்களும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சோதனை தேவைப்பட்டால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும், எனவே கழற்றிய பெட்டியையும் போல்ட்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கெடு 2 ஆண்டு. குறை தெரிந்த நாளிலிருந்து என்று வாதாடலாம்தான். இருந்தாலும் பேனல் மாட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் கையில் 9 மாதம்கூட இருக்காது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ், ஒப்புகையோடு அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே இறங்கி வருவார்கள். 'வேறு பெட்டி மாட்டித் தருகிறேன்' என்றால் சரி, ஆனால் எந்த உலோகம், எர்த் இணைப்பு எப்படி, எத்தனை வருடத்துக்குத் துருவுக்கும் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள். வேலையை முடித்து, சோதித்துக் காட்டும்வரை 'முழுத் திருப்தி' என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.