37 வயதில் ஐ.டி. வேலையை விட்டு ஆசிரியையாகப் போகிறேன் என்று மகள் சொல்கிறாள். பெற்றோர் தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். ஆனால் அவள் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் சில விஷயங்களை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

உங்கள் மகள் பி.இ. படித்தவள், சென்னையில் மென்பொருள் வேலை, ஒரு குழந்தை, வீட்டுக்கடன் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளும் ஏறத்தாழ அதே நிலையில்தான் இருந்தாள். நான் கோவில்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கொரோனா காலத்தில் அவள் எங்கள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலராக மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு பி.எட். சேர்ந்தாள். இப்போது மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறாள்.

உங்கள் மகளிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த வகுப்புக்கு ஆசிரியை ஆகப்போகிறாய் என்பதைத்தான். ஏனென்றால் கையிலிருக்கும் பட்டம்தான் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பி.இ. படித்துவிட்டு பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணித ஆசிரியராகலாம் என்று தமிழக அரசு 2019-இல் ஆணையிட்டது. மேல்நிலை வகுப்புகளுக்குப் போக நினைத்தால் அந்தந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் கனவோடு பி.இ. சான்றிதழை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

நம் காலத்தில் பி.எட். ஓராண்டு. 2015 முதல் அது இரண்டு ஆண்டுகள். அஞ்சல் வழியில் முடித்துவிடலாமே என்று உறவினர்கள் சொல்வார்கள்; அது ஏற்கெனவே பயிற்சி பெற்றுப் பள்ளியில் பணியாற்றுகிறவர்களுக்கானது, வேலை மாறி வருகிறவர்களுக்குப் பொருந்தாது. ஆக இரண்டு ஆண்டுகள் சம்பளம் இல்லை. பிறகு தகுதித் தேர்வின் இரண்டாம் தாள்: 150 மதிப்பெண், அதில் 60 மதிப்பெண் கணிதமும் அறிவியலும் சேர்ந்தது. தேர்ச்சிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆனால் தமிழ்நாட்டில் அந்தத் தேர்ச்சி மட்டும் அரசு வேலையைத் தராது. நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். 2013-இல் தேர்ச்சி பெற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் பணி கேட்டுப் போராடியதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். வயது இங்கே பிரச்சினையே இல்லை. அண்மைக்கால நியமன அறிவிக்கைகளில் பொதுப் பிரிவுக்கே 53 வயது வரை அனுமதி உண்டு. காத்திருப்புதான் பிரச்சினை. அதனால் அரசு வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தனியார் பள்ளிச் சம்பளத்தில் குடும்பம் நடக்குமா என்று போடுங்கள். என் மகள் வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இன்று வாங்கவில்லை. வீட்டுக்கடனில் பெரும்பகுதியை அடைத்த பிறகுதான் அவளும் மருமகனும் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

இவ்வளவு இழப்புக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் ½ + ⅓ = 2/5 என்று எழுதினான். மேலே உள்ளதைக் கூட்டிவிட்டான், கீழே உள்ளதையும் கூட்டிவிட்டான். இந்த விடையை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கும் முறையைச் சொல்லித் திருத்தினால் அன்றைக்குச் சரியாகப் போடுவார்கள், மறுவாரம் பழையபடி எழுதுவார்கள். மகள் அவனுக்கு விடையைச் சொல்லவில்லை. எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாள். அவன் தன் தேர்வுத்தாளை எடுத்துக் காட்டினான்: முதல் கேள்விக்கு இரண்டுக்கு ஒன்று, அடுத்த கேள்விக்கு மூன்றுக்கு ஒன்று, மொத்தம் ஐந்துக்கு இரண்டு. நாமேதான் ஒவ்வொரு தேர்விலும் சிவப்பு மையில் அப்படி எழுதிக் கொடுக்கிறோம்! அன்று இரவு தொலைபேசியில், "அப்பா, அவன் தப்பாக யோசிக்கவில்லை. வேறொரு கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறான்" என்றாள். மறுநாள் ஒரே அளவான இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றில் பாதியையும் மற்றதில் மூன்றில் ஒன்றையும் வெட்டிச் சேர்த்து வைக்கச் சொன்னாள். முழுப் பட்டையில் ஐந்தில் இரண்டு என்பது பாதியைவிடச் சிறியது என்று அவனே கண்டுபிடித்தான். பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று அவனே கேட்டான்.

பதினைந்து ஆண்டுகள் மென்பொருளில் பிழை எங்கே நுழைந்தது என்று தேடிய பழக்கம் அது. பிழையைக் கண்டு எரிச்சல் படாமல் அதன் காரணத்தைத் தேடுகிற இந்தக் குணத்துக்காகவே, தாமதமாக வருகிறவர்கள் பள்ளிகளுக்குத் தேவை என்று நினைக்கிறேன். அவளுடைய குரலில் அன்று இருந்த உற்சாகத்தைச் சென்னையில் அவள் பதவி உயர்வு வாங்கிய நாளில்கூட நான் கேட்டதில்லை.

சிரமங்களும் உண்டு. ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியவள், தன்னைவிடப் பத்து வயது குறைந்த மூத்த ஆசிரியையிடம் பாடக்குறிப்பைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். விடுப்பில் போனவர்களின் வகுப்புக்கெல்லாம் புதியவர்களைத்தான் அனுப்புவார்கள். முதல் சில மாதங்கள் தொண்டை கட்டிவிடும், கால் வலிக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே அவளிடம் சொல்லுங்கள். முடிந்தால் வேலையை விடுவதற்கு முன் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, தெரிந்த பள்ளியில் அனுமதி வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளைகளை அவசியம் பார்க்க வேண்டும்.

"இதற்காகவா பொறியியல் படிக்க வைத்தீர்கள்?" என்று உறவில் சிலர் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னத்தைப் புரியவைப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மகள் காதில் அது விழாமல் பார்த்துக்கொண்டேன்.

உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி பி.எட். இரண்டாம் ஆண்டில் வரும். அப்போது 16 வாரங்கள் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. பகலெல்லாம் வகுப்பு, இரவில் பாடக்குறிப்பும் பதிவேடுகளும் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் நானும் என் மனைவியும் மதுரைக்கே போய்த் தங்கிப் பேரனைப் பார்த்துக்கொண்டோம். கல்லூரியில் அந்தப் பயிற்சி எந்த மாதம் தொடங்கும் என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.