இயங்கலையில் சீனத் தேயிலை: எந்தக் கடையை நம்பலாம்?

கேள்வி: அலுவலகத்தில் சீன நண்பர் போட்டுக் கொடுத்த லியூ பாவ் தேநீர் எனக்கும் மனைவிக்கும் மிகவும் பிடித்துவிட்டது. நாங்களே வாங்கலாம் என்று ஷொப்பி, லசாடாவில் தேடினால் தலை சுற்றுகிறது. ஒரே பெயர், ஒரே படம். ஒரு கடையில் 15 வெள்ளி, இன்னொரு கடையில் 300 வெள்ளி. எல்லாரும் ஏறக்குறைய ஐந்து நட்சத்திரம் வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?
– செந்தூல் வாசகர்

பதில்: நட்சத்திரத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். பொட்டலம் சீக்கிரம் வந்தது, நசுங்காமல் வந்தது என்பதற்கே பலர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்திருக்கக்கூட மாட்டார்கள். விற்பவர் தன் தேயிலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். எந்த ஊர்த் தேயிலை, எந்த ஆண்டு எந்தப் பருவத்தில் பறித்தது, இதுவரை எங்கே வைத்திருந்தது என்பதை நல்ல வியாபாரி நாம் கேட்காமலே சொல்லிவிடுவார். 'அதி உயர்தரம்', 'அரச பரம்பரைத் தேநீர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஊரும் பருவமும் ஏன் முக்கியம் என்றால், சீனத் தேயிலையின் விலையே அதில்தான் நிற்கிறது. லோங் ஜிங் பச்சைத் தேயிலைக்குப் பெயர்போன இடம் செஜியாங் மாநிலத்தின் ஹாங்சோ. ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங் மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் அதிக விலை. அதே பாணியில் வேறு மாவட்டங்களிலும் செய்கிறார்கள். அதை அப்படியே சொல்லி மலிவாக விற்றால் தவறில்லை, குடிக்கவும் நன்றாகவே இருக்கும். ஊரை மறைத்து ஹாங்சோ விலை கேட்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். பச்சைத் தேயிலை நாள்பட நாள்பட மணம் இழக்கும். பறித்த ஆண்டைப் போடாத லோங் ஜிங்கை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

நீங்கள் கேட்கும் லியூ பாவ் வேறு இனம். குவாங்சி மாநிலத்தில் வூசோ வட்டாரத்தில் விளைவது. பதப்படுத்தி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து குடிப்பது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் குடித்தது இதைத்தான். அவர்களுக்காகக் கப்பல் கப்பலாக மலாயாவுக்கு வந்ததில் ஒரு பகுதி இங்கேயே கிடங்குகளில் தங்கி முதிர்ந்தது. இன்று சீனாவிலிருந்தே ஆட்கள் வந்து மலேசியாவில் வைத்திருந்த பழைய லியூ பாவைத் தேடி வாங்குகிறார்கள். ஆகவே இந்த ஒரு தேயிலைக்கு வெளிநாட்டுக் கடையைத் தேடவே வேண்டாம். கோலாலம்பூர், ஈப்போ வியாபாரிகளிடமே வாங்குங்கள்.

விற்பவரிடம் சாட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'இது எந்த ஆண்டு, எங்கே வைத்திருந்தீர்கள், 20 கிராம் மாதிரி கிடைக்குமா?' தொழில் தெரிந்தவர் கிடங்கு எந்த ஊரில், கூடையில் இருந்ததா பெட்டியில் இருந்ததா என்று விளக்குவார். மாதிரி தருவார், அல்லது சிறு பொட்டலமாக விற்பார். 'ரொம்ப நல்ல தேயிலை, நிறைய பேர் வாங்குகிறார்கள்' என்று மட்டும் பதில் வந்தால் அவருக்கே தெரியவில்லை என்று பொருள். நல்ல லியூ பாவில் பாக்கு மணம் இருக்கும் என்பார்கள் சீனர்கள். வெற்றிலைப் பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணத்தை அடையாளம் காண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படங்களையும் உற்றுப் பாருங்கள். காய்ந்த இலை, ஊற்றிய தேநீரின் நிறம், ஊறி விரிந்த இலை மூன்றும் அவரே எடுத்த படங்களாக இருக்கவேண்டும். பத்துக் கடைகளில் ஒரே படம் இருந்தால் பத்துப் பேரும் ஒரே இடத்தில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

விலையைக் கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். 50 கிராம் 40 வெள்ளி என்றால் கிராம் 80 சென். வட்டமாக அழுத்திக் கட்டிய 357 கிராம் தேயிலை வட்டு 180 வெள்ளி என்றால் கிராம் ஏறக்குறைய 50 சென். சிறிய பானைக்கு 5 கிராம் போட்டால் முதலாவது 4 வெள்ளி, இரண்டாவது 2 வெள்ளி 50 சென். அதே இலையில் ஐந்தாறு முறை வெந்நீர் ஊற்றிக் குடிக்கலாம் என்பதால் இரண்டுமே தேத்தண்ணிக் கடை விலையைவிட அதிகமில்லை. ஆனாலும் சுவை பார்க்காமல் வட்டை வாங்காதீர்கள்.

சட்டம் பற்றியும் சொல்லவேண்டும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள மின்வணிக விதிகளின்படி, இயங்கலை வியாபாரி தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றைப் பக்கத்தில் காட்டவேண்டும். பதிவு எண் இருந்தால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். சீனாவில் கட்டிய பொட்டலத்தில் எஸ்.சி. என்ற எழுத்துகளும் 14 இலக்கங்களும் இருக்கும். தேயிலை என்றால் அந்த எண் 114 என்று தொடங்கும். இது உற்பத்தி உரிம எண். சுவைக்கு உத்தரவாதம் தராது. ஆனால் பெயர் தெரியாத பட்டறையில் கட்டிய பொட்டலத்தை ஒதுக்க உதவும். வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் 500 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

வாய்ப்பிருந்தால் ஒரு சனிக்கிழமை பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் இருவரும் போய் வாருங்கள். நல்ல தேயிலைக் கடையில் உட்காரவைத்துப் போட்டுக் கொடுப்பார்கள். பிடித்த கடைக்கு இயங்கலைப் பக்கம் இருந்தால் அடுத்த முறை வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

கேள்வி: '7542' என்று அச்சிட்ட பூ-அர் தேயிலை வட்டு, 1975ஆம் ஆண்டுச் சரக்கு என்று 120 வெள்ளிக்கு விற்கிறார்கள். மகன் கல்யாணத்துக்குள் விலை ஏறும் என்று வாங்கிவைக்கலாமா?
– ஜார்ஜ்டவுன் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. பூ-அரும் லியூ பாவ்போல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து குடிக்கும் தேயிலைதான். ஆனால் அந்த எண் தயாரித்த ஆண்டைக் குறிப்பதல்ல. 75 என்பது அந்தக் கலவை உருவான ஆண்டு, 4 இலையின் தரம், 2 தயாரித்த ஆலை, அதாவது மெங்ஹாய். அதே எண்ணில் இன்றும் புது வட்டுகள் வருகின்றன. உண்மையான 1970களின் வட்டு 120 வெள்ளிக்குக் கிடைக்கவே கிடைக்காது. எண்ணைக் காட்டி வயதைச் சொல்கிறவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறவர். இரண்டு பேரிடமும் வாங்கக்கூடாது. இதேபோல 'தாய் மரத்து' தா ஹோங் பாவ் என்ற பேர்பெற்ற தேயிலையை யாராவது விற்றாலும் விலகுங்கள். வூயி மலையில் உள்ள அந்த ஆறு மரங்களில் 2006 முதல் இலை பறிப்பதில்லை.

குடிக்கப் பிடித்திருந்தால் குடிப்பதற்கு வாங்குங்கள். கல்யாணச் செலவுக்கான சேமிப்பைத் தேயிலையில் போடாதீர்கள்.

கேள்வி: வந்த தேயிலையில் மஞ்சள் புள்ளிகளும் ஈர வாடையும் இருக்கின்றன. விற்றவர் பதில் தரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: மஞ்சள் புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சில லியூ பாவ், ஃபூ கட்டித் தேயிலைகளில் பொன்னிறப் பொட்டுகள் வேண்டுமென்றே வளரவிடப்படுபவை. அவற்றைத் 'தங்கப் பூ' என்று விரும்பி வாங்குகிறார்கள். வெள்ளை, பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சுபோல் படர்ந்திருந்தாலும், மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தினாலும் அது பூஞ்சணம். குடிக்காதீர்கள்.

'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தாமல், படங்களோடு தளத்திலேயே பணம் திரும்பக் கேளுங்கள். கெடு முடிந்துவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். பினாங்கில் இருக்கும் நீங்கள் 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் நடுவர் மன்றத் தீர்ப்பை வாங்கினாலும் பணத்தை வசூலிப்பது கடினம். அப்போது தளத்தின் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடுதான் நடைமுறையில் உதவும்.

கேள்வி: உடல் இளைக்கும் சீனத் தேயிலை என்று விற்கிறார்களே?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: வாங்கவே வேண்டாம். இப்படி விற்கும் பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு எச்சரித்திருக்கிறது. இதயத்தைப் பாதிக்கும் அந்த மருந்தை 2010லேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருந்துபோல் பலன் சொல்லி விற்கும் எதற்கும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கவேண்டும். ஏற்கெனவே குடித்து, படபடப்போ தூக்கமின்மையோ இருந்தால், அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு இன்றே கிளினிக்குக்குப் போங்கள்.