தூய பௌத்தம் எங்கே கிடைக்கும்?

அன்புள்ள சார்,

பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து பௌத்தம் பற்றித் தேடித்தேடிப் படிக்கிறேன். இலங்கையில் உள்ள தேரவாதம்தான் அசல், சீனா, திபெத்தில் உள்ள மகாயானம் பிற்பாடு சடங்குகள் சேர்ந்து கலப்படமானது, சரியா? தத்துவ வேறுபாட்டால்தானே பிரிந்தார்கள்? ஆன்மா இல்லை என்றால் மறுபிறவி யாருக்கு? தூய பௌத்தத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

முகாம் முடிந்து வந்ததும் மனம் துலக்கமாக இருக்கும். நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் பத்து நாள் மூச்சைக் கவனித்துவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு மரபில் எது அசல் எது கலப்படம் என்று சான்றிதழ் கொடுக்கக் கிளம்பிவிட்டீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மறுபிறவிக் கேள்வியைக் கிரேக்க மன்னன் மிலிந்தன் நாகசேனர் என்ற பிக்குவிடம் அன்றே கேட்டாயிற்று. இரவெல்லாம் எரியும் விளக்கில் விடியலில் இருப்பது முதல் சாமத்துச் சுடரா, வேறா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு உண்மைகள், எண்வழிப் பாதை எல்லாம் முகாமிலேயே சொல்லியிருப்பார்கள்.

எதனால் பிரிந்தார்கள் என்று கேட்டீர்களே, அது கொஞ்ச நாளாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். உப்பாலும் காசாலும் பிரிந்தார்கள்.

புத்தர் மறைந்து நூறு ஆண்டுக்குப் பின் வட இந்திய நகரமான வைசாலியில் நடந்ததை விநயபிடகம் (பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் நூல்) சொல்கிறது. உபோசத நாளில் (விரத நாள்) அந்த வஜ்ஜி நாட்டுப் பிக்குகள் வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி நடுவில் வைத்து, சங்கத்துக்குக் காசு போடுங்கள் என்று வருகிறவர்களிடம் கேட்கிறார்கள். வெளியிலிருந்து வந்திருந்த யசர் என்ற பிக்கு, போடாதீர்கள், நாங்கள் பொன் வெள்ளி வாங்கக்கூடாது என்கிறார். யாரும் கேட்கவில்லை. பங்கு பிரிக்கும்போது அவருக்கும் ஒரு பங்கை நீட்டுகிறார்கள்! மறுத்ததும், பக்தர்களைப் புண்படுத்திவிட்டீர், மன்னிப்புக் கேளும் என்று தண்டனை. அவர் போனார், மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் புத்தர் சொன்னதை எடுத்துச்சொல்லி ஊரையே தன் பக்கம் திருப்பிவிட்டார். அப்புறம் 700 பிக்குகள் கூடிப் பத்து விஷயங்களை விசாரித்தார்கள். கொம்பில் உப்பு சேர்த்துவைக்கலாமா, உச்சி சாய்ந்து நிழல் இரண்டு விரற்கடை நகர்ந்தபின் உண்ணலாமா, புளிக்காத கள் குடிக்கலாமா, இப்படி. பத்தில் ஒன்றுகூட ஆன்மாவைப் பற்றியது இல்லை. ஒன்பது கூடாது, ஆசிரியர் வழக்கத்தைப் பின்பற்றுவது மட்டும் சிலவேளை ஆகும், சிலவேளை ஆகாது என்று தீர்ப்பானது. தோற்றவர்கள் தனியாகக் கூடியதே மகாசங்கிகம் என்ற பிரிவு என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான தீபவம்சம். மகாசங்கிகர் தரப்போ, எதிர்த்தரப்பு மூத்தவர்கள்தான் (தேரர்கள்) புது விதிகளைச் சேர்த்தார்கள் என்கிறது. அர்ஹத்துகளின் (விடுதலை அடைந்த துறவிகளின்) தகுதி பற்றிய சண்டை என்றும் ஒரு மரபு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

சில்லறைச் சண்டையாகத் தெரிகிறதா? பிக்கு சமைப்பதில்லை. அடுத்த வேளைக்கு எடுத்துவைப்பதில்லை. யார் வீட்டுச் சோற்றையோ நம்பித்தான் ஒவ்வொரு நாளும் விடிகிறது. உப்பைச் சேர்க்க ஆரம்பித்தால் அந்த வாசல் தேவையில்லாமல் போய்விடும். மழையில் பயிரை மிதித்துக்கொண்டு அலைகிறார்களே என்று ஊரார் முணுமுணுத்ததால்தான் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் வழக்கமே வந்தது. உங்கள் முகாமில் பழைய மாணவர்களுக்கு மதியத்துக்குமேல் சாப்பாடு இல்லை, கவனித்தீர்களா? அதே வைசாலி விதிதான். சடங்கு இல்லாத இடத்துக்குத்தான் போய்வந்தீர்களாக்கும்.

மகாயானத்துக்கென்று தனி விநயமும் கிடையாது. திபெத்தியர் மூலசர்வாஸ்திவாத விநயத்தையும் சீனர்கள் தர்மகுப்தக விநயத்தையும் பின்பற்றுகிறார்கள். இரண்டும் பழைய இந்தியப் பிரிவுகளுடையவை. 7ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த சீனத் துறவி யீ ஜிங், இரு தரப்புக்கும் விதிகள் ஒன்றே, போதிசத்துவர்களை (புத்தராகும் பாதையில் இருப்பவர்களை) வணங்கி மகாயான சூத்திரங்களை வாசிப்பவர் மகாயானி, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறார்.

5ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனாவுக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கு முறைப்படி துறவு கொடுத்தார்கள். பின்னால் இலங்கையில் பிக்குணிச் சங்கம் அற்றுப்போயிற்று, சீனாவில் நிலைத்தது. 1998இல் புத்தகயாவில் இலங்கைப் பெண்கள் சீன மரபிடமிருந்தே அதைத் திரும்பப் பெற்றார்கள். உங்கள் அசல், உங்கள் கலப்படத்திடம் கைநீட்டி வாங்கியது! தேரவாத மூத்தவர்கள் பலர் இன்றும் ஏற்கவில்லை. அதற்கும் காரணம் தத்துவம் இல்லை. பெண்ணுக்குத் துறவு கொடுக்க ஆண், பெண் இரு சங்கங்களும் வேண்டும், தேரவாதப் பிக்குணிகளே இல்லாதபோது யார் கொடுப்பது என்கிறார்கள். புத்தகயாவில் ஒரு வயதான சில் மாணியோவிடம் (காவி உடுத்தும், ஆனால் பிக்குணியாக எண்ணப்படாத பெண் துறவி) இதைக் கேட்டேன். கண்டிப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியும். “அது பெரியவங்க சண்டை பிள்ளை, பதினொன்றரை ஆச்சு, முதல்ல சாப்பிட வா” என்று எழுந்துவிட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், விநயபிடகத்தின் ஒரு பகுதியான சுல்லவக்கத்தின் பன்னிரண்டாம் அத்தியாயம். யசர் அங்கேதான் இருக்கிறார். படித்துவிட்டு எழுதுங்கள், ‘தூய’ என்ற சொல் இல்லாமல்.