பாலாற்று வெள்ள மாடல் 2021 வெள்ளத்தோடு பொருந்துகிறது, அப்படியானால் வேலிடேட் ஆகிவிட்டதா?

2021 நவம்பர் வெள்ளத்தின் நீர்மட்டத்தோடு உங்கள் சிமுலேஷன் அழகாகப் பொருந்துகிறது, ஆனாலும் கைடு "எதற்கு வேலிடேட் ஆனது?" என்று கேட்கிறார், என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கைடு கேட்டது சரி. நானும் வேலூர்க்காரன், இதே ஆற்று மாடல்களோடு மல்லுக்கட்டுகிறவன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வெரிஃபிகேஷனை முதலில் முடித்துவிடலாம். கணக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறோமா என்பதுதான் அது. மேலே விட்ட தண்ணீர், நடுவில் தேங்கியது, கீழே வெளியேறியது எல்லாம் கூட்டினால் ஒத்துப்போக வேண்டும், மாடல் ஆற்றைப் பிரித்திருக்கும் கட்டங்களைச் சிறிதாக்கினாலும், கணக்கு ஒவ்வொரு முறை நகரும் நேர இடைவெளியான டைம் ஸ்டெப்பைக் குறைத்தாலும் விடை பெரிதாக ஆடக் கூடாது. இதற்கு ஆற்றுப் பக்கமே போக வேண்டியதில்லை.

வம்பே வேலிடேஷனில்தான், அதாவது மாடல் சொல்வது நிஜ ஆற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில்தான். சுவரில் படிந்த வெள்ளக் கறையை வைத்து மேனிங் மதிப்பை (ஆற்றுப் படுகை எவ்வளவு கரடுமுரடு என்று காட்டும் எண்) கூட்டிக் குறைத்துப் பொருத்தியிருந்தால் அதற்குப் பெயர் காலிபரேஷன். அதே கறையை மறுபடி காட்டி "பாருங்கள், பொருந்துகிறது" என்பது கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது. நீங்கள் தொடாமல் வைத்த வேறொரு வெள்ளத்தின் தரவு வேண்டும்.

அது கிடைத்துப் பொருந்தினாலும் பாதிதான் முடிந்தது. 2021-ல் தொடர்மழையில் ஆறு ஏற்கெனவே ஊறிக் கிடந்தது, வந்த தண்ணீர் அப்படியே ஓடியது. கோடையில் மோர்தானா அணையில் திறந்து கவுண்டன்யா ஆறு வழியே பாலாற்றுக்கு வரும் தண்ணீரின் கதையே வேறு, முதலில் வருவதை மணல் குடித்துவிடும். மணலில் இறங்குவதைக் கணக்கில் எடுக்காத மாடல் வெள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும், கோடையிலோ தண்ணீர் காட்பாடிப் பாலத்துக்கு எப்போது வரும் என்பதைத் தப்பாகச் சொல்லும். ஆறும் அதே, மாடலும் அதே, கேள்விதான் மாறியது. பாலத்தின் தூண் அடியில் மண் அரிக்குமா என்று கேட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் படுகை அசையாது என்று வைத்துச் செய்த மாடலுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை.

இது வெறும் தீசிஸ் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 2003 ஜனவரியில் நாசாவின் கொலம்பியா விண்ணோடம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்ற நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. சேதத்தைக் கணிக்க எடுத்த 'கிரேட்டர்' என்ற மாடல் சின்னத் துண்டுகளை வைத்துச் செய்த சோதனைகளில் உருவானது, மோதிய துண்டோ அவற்றைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அந்த மாடல் ஆழமான சேதத்தைக் காட்டியும், "இது எப்போதும் கூட்டித்தான் சொல்லும்" என்று அதை ஒதுக்கினார்கள். அந்த மாடல் பேசியதும் விண்ணோடத்தைச் சூட்டிலிருந்து காக்கும் வெப்ப ஓடுகளைப் பற்றி, உண்மையில் உடைந்தது இறக்கையின் முன்விளிம்பு. பிப்ரவரி 1-ல் ஏழு பேரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் நாசா மாடல்களுக்கென்றே 7009 என்ற தரநிலையை 2008-ல் வெளியிட்டது.

சரி, கைடுக்குப் பதில். "இத்தனை கனஅடி வரை, ஏற்கெனவே நனைந்த ஆற்றில், எந்தத் தெருவில் ஓரடிக்கு மேல் தண்ணீர் ஏறும் என்பதற்கு மட்டும், இவ்வளவு பிழையோடு" என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இலவச சாட்டிலைட் உயர வரைபடத்தை எடுத்திருந்தால் ஓரடிக் கணக்கே நிற்காது, அதில் பிழையே பல மீட்டர் வரும். அப்புறம், ஆற்றின் அகல ஆழத்தைக் காட்டும் குறுக்குவெட்டுகள் எந்த வருடம் அளந்தவை என்பதையும் போடுங்கள், மணல் அள்ளிய ஆறு அது, படுகை மாறியிருக்கும்.