லிப் சிங்க் விலகுது, லைட் வெட்டுது, கார்டு திறக்கலை: எடிட்டிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த மெயில்களில் பாதிக்கு மேல் "வீடியோ எம்பி4 தான் சார்" என்றே தொடங்குகின்றன. எம்பி4 என்பது வெறும் கண்டெய்னர், படத்தையும் ஒலியையும் போட்டு வைக்கும் பெட்டி. உள்ளே படத்தைச் சுருக்கிய முறை எச்.264-ஆ எச்.265-ஆ, நிறம் 8 பிட்டா 10 பிட்டா, ஃப்ரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்) என்ன என்பதெல்லாம் ஃபைல் பெயரைப் பார்த்தால் தெரியாது. மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஃபைலை அதில் இழுத்துப் போட்டால் அதன் ஜாதகமே வந்துவிடும். அடுத்த முறை எழுதும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

"அண்ணா, ரெண்டர் 98 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?" (திருப்பூர்)

எந்த மென்பொருள், எந்த ஃபார்மட், டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஒன்றுமே சொல்லவில்லை. முதலில் டிஸ்க் இடத்தைப் பாருங்கள். அது சரியென்றால் டைம்லைனை இரண்டாகப் பிரித்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள், எந்தப் பாதி நிற்கிறதோ அதை மறுபடி இரண்டாக்குங்கள். கடைசியில் ஒரு கிளிப்போ ஒரு பிளகினோ கையும் களவுமாகச் சிக்கும்.

"ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 32 ஜிபி ராம், ஐ5 12400எஃப். இவ்வளவு செலவு செய்தும் புது கேமராவின் 4கே ஃபுட்டேஜ் பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் திக்கித் திக்கி ஓடுகிறது. பழைய கேமரா ஃபுட்டேஜ் நன்றாக ஓடுகிறது." (கோவை)

உங்கள் புது கேமரா பெரும்பாலும் எச்.265, 10 பிட், 4:2:2 (நிறத் தகவலைக் கூடுதலாக வைக்கும் முறை) எழுதுகிறது. என்விடியாவில் 50 சீரிஸ் வருவதற்கு முந்தைய எந்த கார்டிலும் 4:2:2-ஐ டீகோட் செய்ய, அதாவது விரித்துப் படிக்க, ஹார்ட்வேர் கிடையாது, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அப்படித்தான். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அந்த வேலையைச் செய்யும். ஆனால் நீங்கள் வாங்கியதில் கடைசியில் ஒரு 'எஃப்' இருக்கிறதே, உள் கிராஃபிக்ஸ் இல்லை என்பதற்குத்தான் அந்த எழுத்து. கடைக்காரர் ஆயிரம், ரெண்டாயிரம் குறைவு என்று தள்ளிவிட்டிருப்பார். இப்போதைக்கு ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டுமான லேசான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள், அளவைப் பாதியாக்கி 'ப்ரோரெஸ் ப்ராக்ஸி' என்ற ஃபார்மட்டில் வைத்தால் போதும். எக்ஸ்போர்ட் எப்படியும் ஒரிஜினலில் இருந்துதான் போகும்.

"கல்யாண வேலை. ரெண்டு கேமரா, கூட ஒரு ஐபோன், ஆடியோ தனி ரெக்கார்டர். முதல் பத்து நிமிடம் சிங்க் கச்சிதம், முகூர்த்தம் வரும்போது ஐபோன் அரை வினாடி விலகி நிற்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட் போட்டு நகர்த்திக்கொண்டிருக்கிறேன். வேறு வழி உண்டா?" (கும்பகோணம்)

உண்டு, தயவுசெய்து அந்தக் கத்திரியைக் கீழே வையுங்கள். இதே கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயரில் மாதம் நாலைந்து வருகிறது, எல்லோரும் இதே ஐந்து நிமிடக் கட்டைத்தான் போடுகிறார்கள், யாரோ ஒரு புண்ணியவான் யூடியூபில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் விலகல் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். கெட்டிமேளம் கொட்டும் இடம் இதற்கு அருமையான இடம், தவில்காரர் கோல் தோலில் படும் ஃப்ரேமையும் ரெக்கார்டரின் வேவ்ஃபார்மில் (ஒலியின் அலைப் படத்தில்) அந்த அடியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நலங்கில் ஒரு இடம், தாலி கட்டும்போது ஒரு இடம், பந்தியில் ஒரு இடம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் இரட்டிப்பாக விலகலும் அதே கணக்கில் இரட்டிப்பானால் அது நேர்கோட்டு விலகல். ரெக்கார்டருக்கும் கேமராவுக்கும் உள்ளே தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது, ஒரு மணி நேரத்தில் சில ஃப்ரேம் வித்தியாசம் வருவது சகஜம். மணிக்கு மூன்றரை வினாடிக்கு மேல் போனால் ஃப்ரேம் ரேட் 29.97-ஐ 30 என்றோ 23.976-ஐ 24 என்றோ எங்கேயோ தப்பாக எடுத்திருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் ஆடியோவின் ஸ்பீடை ஒரு சொட்டு மாற்றினால் தீர்ந்தது.

உங்களுடையது அப்படி இருக்காது. ஓரிடத்தில் கால் வினாடி, அடுத்த இடத்தில் அரை, அதற்கப்புறம் மறுபடி குறைந்திருக்கும். மீடியாஇன்ஃபோவில் ஐபோன் ஃபைலைப் போட்டால் 'ஃப்ரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்று இருக்கும், கீழேயே குறைந்தபட்சம் 24 அதிகபட்சம் 31 என்கிற மாதிரி இரண்டு எண்ணும் நிற்கும். மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ அது வினாடிக்கு எழுதும் ஃப்ரேமைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். போனில் பார்க்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் தன் நேரக்குறிப்புப்படி ஓடுவதால் தெரியாது, வினாடிக்குச் சீராக 25 ஃப்ரேமை எதிர்பார்க்கும் டைம்லைனில் வைத்தால்தான் வேஷம் கலையும். இதை ஸ்பீட் மாற்றியும் சரிசெய்ய முடியாது, விலகல் நேர்கோட்டில் இல்லையே.

வழி ஒன்றுதான். எடிட்டைத் தொடங்குவதற்கு முன்பே போன் ஃபைல் அத்தனையையும் 'ஹேண்ட்பிரேக்' என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, வீடியோ பக்கத்தில் ஃப்ரேம் ரேட் 30, 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து, குவாலிட்டி 16 அல்லது 18-ல் மாற்றி, அந்தப் புது ஃபைலை டைம்லைனில் வையுங்கள். பாதி எடிட் முடிந்த பிறகு மாற்றினால் போட்ட கட் எல்லாம் இடம் மாறும், அழுதுகொண்டுதான் மறுபடி செய்யவேண்டும். 25 டைம்லைனில் 30 ஃபுட்டேஜ் நகரும்போது லேசான திக்கல் இருக்கும், அது 30-ல் எடுத்ததற்கான அபராதம், கட்டித்தான் ஆகவேண்டும். அடுத்த கல்யாணத்துக்கு பிளாக்மேஜிக் கேமரா ஆப்பைப் போட்டு (இலவசம்தான்) 25-ஐயும் ஷட்டரையும் பூட்டிவிட்டு எடுங்கள். புதிய பிரீமியர் வேரியபிள் ஃபைலை ஓரளவு சமாளிக்கிறது என்பது உண்மை, அந்த 'ஓரளவு'க்காக அடுத்தவர் வீட்டு முகூர்த்தத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

"ஐபோனில் எடுத்தது போனில் பளிச்சென்று இருக்கிறது, பிரீமியரில் முகமெல்லாம் வெளுத்துப் போகிறது." (சேலம்)

எச்டிஆர், அதாவது வெளிச்ச வீச்சைக் கூடுதலாகப் பதியும் முறை. போனின் கேமரா செட்டிங்கில் 'எச்டிஆர் வீடியோ'வை அணைத்துவிட்டு எடுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் சீக்வென்ஸ் செட்டிங்கில் டோன் மேப்பிங்கை (அந்த வீச்சைச் சாதாரணத் திரைக்கு அடக்குவது) ஆன் செய்யுங்கள். மீடியாஇன்ஃபோவில் 'எச்எல்ஜி' (எச்டிஆரில் ஒரு வகை) என்று நிற்கும், பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

"டைட்டிலில் தமிழ் உடைகிறது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறது. பாமினியில் அடித்தால் சரியாக வருகிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா?" (யாழ்ப்பாணம்)

வேண்டாம். பிரீமியரில் ப்ரெஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பக்கத்தில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'டைப்' பக்கத்தில் இருக்கிறது. மாற்றியபின் பழைய லேயரைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாக ஒன்று அடித்துப் பாருங்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஃபாண்ட். ப்ராஜெக்ட்டை வேறு கணினியில் திறக்கும்போது ஃபாண்ட் இல்லையென்றால் மணமகள் பெயர் ஆங்கிலக் குப்பையாக நிற்கும், அவசரத்தில் யாரும் கவனிக்காமல் அப்படியே எக்ஸ்போர்ட்டும் ஆகிவிடும்.

"மண்டபத்தில் எடுத்த வீடியோ முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது. எடிட்டிங்கில் எடுக்க முடியுமா?" (திண்டுக்கல்)

ஷட்டர் வேகம் 1/60 வினாடியில் இருந்திருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, அதனால் 1/50 அல்லது 1/100 வையுங்கள், ஃப்ரேம் ரேட்டை 25-ல் வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சினிமாட்டிக் என்று 24 வைக்கிறவர்களும் ஷட்டரையாவது 1/50-ல் வையுங்கள். மேடையின் எல்இடி சுவர்த்திரையும் சீரியல் செட்டும் வேறு கதை, அவை தங்கள் இஷ்டத்துக்குச் சிமிட்டும். கேமராவில் ஷட்டரை 59.9, 60.3 என்று பொடிப்பொடியாக நகர்த்தும் வசதி இருந்தால் திரையைப் பார்த்துக்கொண்டே நகர்த்தி, பட்டை நிற்கும் இடத்தில் விடுங்கள். எடுத்து முடித்தது என்றால் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ மென்பொருளில் டீஃப்ளிக்கர் என்ற எஃபெக்ட் இருக்கிறது. லேசான பட்டை போகும், கனத்த பட்டை போகாது.

"சி டிரைவ் நிரம்பிக்கொண்டே போகிறது. எதை அழிப்பது?" (மதுரை)

மீடியா கேஷை, அதாவது எடிட்டிங் மென்பொருள் தன் வசதிக்குச் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்களை. அப்புறம் அதை வேறு எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

"ரெக்கார்ட் ஆகும்போதே பேட்டரி போய்விட்டது. 11 ஜிபி ஃபைல் கார்டில் தெரிகிறது, எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. கார்டை ஃபார்மட் செய்துவிட்டு ரெக்கவரி போடலாமா?" (திருநெல்வேலி)

ஃபார்மட் செய்யவே செய்யாதீர்கள், கார்டைக் கேமராவிலும் மறுபடி போடாதீர்கள். ரெக்கவரி என்பது அழிந்த ஃபைலுக்கு, உங்கள் ஃபைல் அழியவில்லை. எம்பி4-ல் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான கேமராக்கள் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் படமும் ஒலியும் உள்ளே கிடக்கும், அட்டவணை மட்டும் இருக்காது. ஃபைலை முதலில் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள். பிறகு அதே கேமராவில் அதே செட்டிங்கில் ஒரு நிமிடம் எதையாவது எடுத்து (வேறு கார்டில்!) இரண்டையும் 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவியிடம் கொடுங்கள், நல்ல ஃபைலைப் பார்த்து உடைந்ததற்கு அட்டவணை கட்டித் தரும். கடைசிச் சில வினாடி போகலாம்.

"2004-ல் எடுத்த அக்கா கல்யாணம், மினிடிவி டேப். யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக்கில் எடுத்தேன், கை அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடு வருகிறது, எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்." (சென்னை)

குண்டுக்குக் காரணம் 4:3 படத்தை 16:9-க்கு இழுத்திருப்பது, சீக்வென்ஸை மாற்றுங்கள். கோடு இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு ஃபீல்டாகப் பதிவது. வினாடிக்கு 50 ஃபீல்டு இருப்பதால் டீஇன்டர்லேஸ் (வரிகளைப் பிரித்து முழு ஃப்ரேமாக்குவது) செய்யும்போது 50 ஃப்ரேமாக எடுங்கள், 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும். ஆனால் அந்த ஸ்டிக் ஃபைலில் உட்கார்ந்து நேரத்தை வீணாக்குவானேன்? டேப்பில் இருப்பது டிஜிட்டல். ஃபயர்வயர் போர்ட் (கேம்கார்டரைக் கேபிளில் இணைக்கும் பழைய வாசல்) உள்ள பழைய கணினியும் ஓடுகிற கேம்கார்டரும் யாரிடமாவது கிடைத்தால் ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜிபியாக, ஒரு பிட் மாறாமல் இறங்கும். அப்படி இறங்கும் DV ஃபைலில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், அதை மாற்றி வைத்தால் படம் நடுங்கும். டேப்பை இப்போதைக்குத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.